கொழுப்பு நமக்கு எதிரியா? ஒரு சிறு புழு தரும் பதில்

"உனக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு" என்று வீட்டில் ஏச்சு வாங்காதவர் எவருமில்லை. நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கே நல்ல பெயர் கிடையாது. உடல் பருத்துவிடும் என்று அஞ்சிக் காலையுணவைத் தவிர்த்துவிட்டு, காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் தோழிகளையும் நாம் அறிவோம். கொழுப்பு உண்மையிலேயே ஆயுளைக் குறைக்கும் எதிரிதானா? இந்தக் கேள்விக்கு விடை தேட விஞ்ஞானிகளுக்கு உதவியது ஒரு சிறு புழு.

அதன் பெயர் சீனோராப்டிடிஸ் எலெகன்ஸ். நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மண்ணிலும் அழுகும் பழங்களிலும் வாழ்ந்து பற்றீரியாக்களை உண்ணும். வளர்ந்த இருபால் புழுவின் உடலில், இனப்பெருக்கக் கலங்கள் நீங்கலாக, 959 கலங்களே உள்ளன. 1960களில் சிட்னி பிரென்னர் இதனை ஆய்வுக்குத் தெரிவுசெய்தார். ஒளி ஊடுருவும் உடல் என்பதால் உள்ளே நடப்பதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். ஆயுள் 2 முதல் 3 வாரங்களே என்பதால், பிறப்பு முதல் முதுமை வரை ஒரு மாதத்துக்குள் கண்டுவிடலாம்.

நமக்குத் தோலின் கீழும் வயிற்றைச் சுற்றியும் கொழுப்புப் படிகிறது. இப்புழுவுக்கு அவ்வாறு தனியான கொழுப்பிழையம் இல்லை. அதன் குடற் கலங்களே கொழுப்பைச் சிறு துளிகளாகச் சேமிக்கின்றன.

1993இல் சிந்தியா கென்யனின் குழுவினர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். 'டாப்-2' என்ற ஒரேயொரு பரம்பரையலகில் விகாரம் ஏற்பட்ட புழுக்கள் இரு மடங்குக்கும் மேலாக வாழ்ந்தன. அந்த அலகு, நம் உடலில் இன்சுலின் தரும் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதத்தை ஒத்ததென 1997இல் கேரி ருவ்குனின் குழுவினர் கண்டறிந்தனர். நீண்டநாள் வாழ்ந்த இப்புழுக்களின் உடலில் கொழுப்பு குறைந்திருக்கவில்லை, கூடியிருந்தது.

2008இல் இதற்கு எதிர்மாறான ஒரு முடிவு வந்தது. இனப்பெருக்கக் கலங்கள் அகற்றப்பட்ட புழுக்கள் கூடுதலாக வாழும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அவற்றின் குடலில் கொழுப்பை உடைக்கும் இலிப்பேசு நொதியம் ஒன்று அதிகமாகச் சுரப்பதை மெங் வாங், ருவ்குன் ஆகியோர் கண்டனர். சாதாரண புழுவிலும் அந்நொதியத்தைக் கூட்டிப் பார்த்தனர். அது மெலிந்தது, ஆயுளும் நீண்டது.

கொழுத்த புழுவும் நெடுநாள் வாழ்கிறது, மெலிந்த புழுவும் நெடுநாள் வாழ்கிறது. அப்படியென்றால் ஆயுளைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு மட்டுமல்ல.

2015இல் மெங் வாங்கின் குழு மேலும் ஒரு படி சென்றது. அந்த நொதியம் செயற்படும்போது உண்டாகும் கொழுப்பு மூலக்கூறொன்றை ஒரு புரதம் கலத்தின் கருவுக்குச் சுமந்து செல்கிறது. அங்கே ஆயுளை நீட்டும் பரம்பரையலகுகள் விழித்தெழுகின்றன. ஆகவே கொழுப்பு வெறும் எரிபொருளன்று. செய்தி கொண்டுசெல்லும் தூதுமாகும். 2017இல் ஆன் புரூனேயின் குழுவினர் ஒலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலெயிக் அமிலத்தைப் புழுக்களுக்கு ஊட்டினர். அவற்றின் ஆயுளும் நீண்டது. எவ்வளவு கொழுப்பு என்பதோடு, எத்தகைய கொழுப்பு, உடல் அதை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பனவும் முக்கியம் என்பதே இவற்றின் சாரம்.

இதை வாசித்துவிட்டு ஒலிவ் எண்ணெய்ப் போத்தலைத் தேடி ஓட வேண்டாம். புழு வேறு, மனிதர் வேறு. புழுவில் கண்டதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. மிகையான கொழுப்பு நம் இதயத்துக்குக் கேடு என்பதும் மாறவில்லை. ஆயினும் நம் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்வும் கொழுப்பினால் ஆனது. மூளையின் உலர்நிறையில் பாதிக்கு மேல் கொழுப்பே. விற்றமின் ஏ, டி, ஈ, கே ஆகியவற்றை உடல் உறிஞ்சுவதற்கும் கொழுப்பு வேண்டும்.

எனவே தோழியரே, வளரும் வயதில் பட்டினி கிடந்து அழகைத் தேடாதீர்கள். பெற்றோரே, பிள்ளையின் உடம்பைக் கேலி செய்யும் ஒரு சொல், அவள் முன்னால் வைத்த தட்டைத் தள்ளிவைக்கச் செய்துவிடும். பொரித்த பண்டங்களைக் குறைப்போம். மீனும் முட்டையும் கச்சானும் அளவோடு உண்போம். காலையுணவை மட்டும் விட்டுவிடாதிருப்போம்.