தார் படாத பாதைகள்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகும் ரோட்டை விட்டு ஏதாவது ஒரு தோட்டத்துப் பாதையில் சைக்கிளைத் திருப்புங்கள். கொஞ்ச தூரத்திலேயே லாரிச் சத்தம் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். கல்தூண்கள் வரிசையாக நிற்க, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். கொடி அதன்மேல் படர்ந்து கூரையாகிவிடும், கொத்துகள் கீழே தொங்கும். இலைகளில் நீலம் கலந்த வெள்ளைப் படிவு தெரிந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோய் வராமலிருக்க அடிப்பது. பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் கண்டறிந்த மருந்து, இன்றும் இங்கே கைத்தெளிப்பானில் ஏறுகிறது.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம். இரண்டு வருடத்தில் ஐந்து மகசூல் எடுப்பார்கள். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் கவாத்து செய்வதில்லை. அதனால் ஒரு தோட்டம் இலையில்லாமல் வெறும் குச்சியாக நிற்கும். அடுத்ததில் துளிர், அதற்கடுத்ததில் பச்சைக் காய், அதையும் தாண்டினால் பெண்கள் கத்தரிக்கோலோடு கறுத்த கொத்துகளை வெட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான திராட்சை நாடுகளில் ஒரு வருடம் காத்திருந்து பார்க்க வேண்டியதை இங்கே ஒரு காலை நேரச் சைக்கிள் பயணத்தில் பார்த்துவிடலாம். பாதையில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருப்பதும் இதனால்தான். வண்டித் தொந்தரவு இல்லாத பாதைதான், ஆனால் ஆளரவமற்ற பாதை இல்லை. தனியாகச் சைக்கிளில் போகிறவருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இந்த வேறுபாடு பெரியது.

பாதை என்று நான் சொல்வது மாட்டுவண்டி போன தடம். பிறகு டிராக்டரும் சரக்கு ஆட்டோவும் போக, மேலே கிராவல் அடித்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இறங்கி வரும் வாய்க்கால்களின் கரைகளும் இந்தத் தடங்களோடு சேர்கின்றன. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று ஊர் ஊராக இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். ஒரு பக்கம் ஏலமலை, மறுபக்கம் மேகமலை. எங்கே நின்றாலும் திசை தெரியும். வழி தவறினாலும் கவலையில்லை.

இதே பள்ளத்தாக்கின் நடுவே 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை குமுளிக்கு ஏறுகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இரவும் பகலும் விடாது போகும். அந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டும்படி யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை வலை தானாக உருவாகி இருக்கிறது என்பதைச் சுற்றுலாக்காரர்களும் கவனிக்கவில்லை, உள்ளூரிலும் அதிகம் பேசுவதில்லை.

இத்தாலியின் டஸ்கனியில் கவனித்தார்கள். அங்கே கியாந்தி திராட்சை மலைகளுக்குள் வெள்ளைச் சரளைக்கல் பாதைகள் ஓடுகின்றன. அவற்றுக்குத் தார் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வந்தபோது, ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997-இல் கயோலே என்ற சிற்றூரில் 'எரோயிகா' என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். பழைய இரும்புச் சைக்கிள்களில், பழைய பாதைகளில் போவதுதான் விதி. பாதை காப்பாற்றப்பட வேண்டும் என்பதே நோக்கம். பத்து வருடம் கழித்து, 2007-இல், அதே மண்ணில் தொழில்முறை வீரர்களுக்கான 'ஸ்த்ராதே பியாங்கே' பந்தயம் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க சரளைப் பாதைச் சைக்கிள் பயணம் என்று ஒரு தனி வகையே இருக்கிறது. மண்பாதையை வைத்திருந்ததால் அந்த ஊர்களுக்கு வருமானம் வந்தது.

இதற்கென்று லட்ச ரூபாய்ச் சைக்கிள் வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். தேவையில்லை. சரளைப் பாதைக்கென்று இன்று விற்கும் சைக்கிளின் டயர் அகலம் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர். நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்பு நிற 28 அங்குலச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். அந்த வண்டியே மண் ரோட்டுக்காக வந்ததுதான். காற்றை மட்டும் கல்லாக அடிக்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். அப்போதுதான் டயர் சரளையைப் பிடிக்கும், முதுகும் தப்பிக்கும்.

விவசாயியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பன்னீர் திராட்சையைப் பதமாகக் கொண்டுபோக வேண்டும். குலுங்கினால் பழம் காம்பை விட்டு உதிரும். கேரளச் சந்தைக்குப் போகிற பழம் தோட்டத்து வாசலிலேயே நசுங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால் எல்லாப் பாதையும் மண்ணாகவே கிடக்கட்டும் என்று வெளியூரிலிருந்து வந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. லோடு சேருமிடத்திலிருந்து மெயின் ரோடு வரை ஒரு நல்ல தார்ச்சாலை வேண்டும். மற்றவற்றுக்குக் கிராவல் அடித்து, ரோலர் ஓட்டி, மழைத்தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் வெட்டினால் போதும். பழத்துக்கும் அது நல்லது, சைக்கிளுக்கும் நல்லது. எல்லாவற்றுக்கும் தார் போட்டால் முதலில் வருவது வேகமாக ஓட்டும் கார். பின்னாலேயே மனைப்பிரிவு வரும்.

போகிறவர்கள் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும். மருந்தடிக்கும் தோட்டத்துப் பக்கம் நிற்காதீர்கள். கேட்காமல் ஒரு பழம்கூடப் பறிக்காதீர்கள். கேட்டால் கொத்தாகவே கொடுப்பார்கள். வெயில் ஏறும் முன், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஓட்டுங்கள். காடு பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்தது. ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, அகஸ்தியமலைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த அகஸ்தியமலையில் பிறக்கும் நெய்யாறுதான் கேரள-தமிழக எல்லையில் இருக்கும் எங்கள் ஊர்களுக்குத் தண்ணீர். பாறசாலை, கொல்லயில் பக்கத்தில் திராட்சை கிடையாது. தென்னை, வாழை, மரச்சீனி, ரப்பர், மரத்தில் ஏறிய நல்லமிளகுக் கொடி. ஆனால் வண்டி வராத மண்பாதை இங்கேயும் இருக்கிறது. அது சானல் கரை. 1950-களில் நெய்யாறு அணை கட்டியபோது வெட்டிய இடதுகரைச் சானல், நெய்யாற்றின்கரை தாலுகாவைக் கடந்து விளவங்கோடு தாலுகா வரை போகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை இரண்டு தாலுகாவுக்கும் நடுவில் விழுந்தது. சானல் மட்டும் எல்லையைத் தாண்டியே நின்றது. 2004-இல் தமிழகப் பக்கத்துக்குத் தண்ணீர் நின்றுபோனது. 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது.

வழக்கு முடிகிறபோது முடியட்டும். கரை இப்போது கிடக்கிற நிலையைப் பாருங்கள். சில இடத்தில் தாரும் கான்கிரீட்டும் ஏறி, பைக்குகள் பறக்கின்றன. சில இடத்தில் காடு பிடித்து, குப்பை கொட்டும் இடமாகிவிட்டது. மிச்சமிருக்கிற செம்மண் கரையில் விடியற்காலையில் நடப்பவர்களையும் டியூஷனுக்குச் சைக்கிளில் போகிற பிள்ளைகளையும் பார்க்கலாம். களியக்காவிளை முதல் நெய்யாற்றின்கரை வரை தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கும் தைரியம் வராது. கரை வழியாக அனுப்பலாம். தண்ணீர் ஓடாத சானலுக்குக்கூட அந்த ஒரு பயன் உண்டு. தண்ணீர் வந்தால் கரையைப் பார்த்துக்கொள்ள அந்தப் பாதையே உதவும்.

கொல்லயில் உள்ளிட்ட எல்லை ஊராட்சிகளிடமும், விளவங்கோட்டுப் பக்கத்து ஊராட்சிகளிடமும், இரண்டு மாநில நீர்ப்பாசனத் துறைகளிடமும் கேட்பது இவ்வளவுதான். மீதமிருக்கும் சானல் கரைக்குத் தார் போடாதீர்கள். ஊரக வேலைத் திட்டத்தில் புதரை வெட்டுங்கள், கிராவல் அடியுங்கள், கார் நுழைய முடியாதபடி இரண்டு முனையிலும் கல்தூண் நடுங்கள், குப்பை கொட்டுபவர்களுக்கு அபராதம் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த பணத்தில் அதைவிட நீளமான பாதை கிடைக்கும். அடுத்த கிராமசபையில் யாராவது இதை எழுந்து சொல்லுங்கள். தீர்மானமாக எழுதவும் வையுங்கள்.