குப்பிக்குள் இருப்பது என்ன?

முன்கைத் தோலில் ஊசி போட்டு, 2 அல்லது 3 நாள் கழித்து வரச்சொல்லி ஸ்கேல் வைத்துப் பார்ப்பார்களே, அந்த மாண்டூ டெஸ்ட்டுக்கான மருந்துதான் பி.பி.டி. சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. விரலால் தடவி, கெட்டித்திருக்கும் இடத்தின் அகலத்தை மட்டும் அளக்க வேண்டும். காசநோய்க் கிருமி உடம்புக்குள் எப்போதாவது புகுந்திருக்கிறதா என்பதற்கு அந்தத் தடிப்புதான் சாட்சி. சரி, உள்ளே போன 0.1 மில்லியில் என்னென்ன இருந்தது? பல பத்தாண்டுகளுக்கு இதற்கு முழு விடை கிடைக்கவில்லை.

1890இல் ராபர்ட் கோக் காசநோய்க்கு மருந்து என்று அறிவித்த டியூபர்குலின் யாரையும் குணப்படுத்தவில்லை; நோயைக் கண்டறியத்தான் உதவியது. கிருமி வளர்ந்த திரவத்தைக் காய்ச்சிச் சுண்டவைத்த கஷாயம் அது. அதிலிருந்து புரதத்தைத் தனியே பிரிக்கப் பல வருடம் போராடியவர் ஃப்ளாரன்ஸ் சைபர்ட். சிறுவயதில் போலியோ தாக்கியதால் வாழ்நாள் முழுக்க நொண்டி நடந்தவர். பிலடெல்பியாவின் ஹென்றி ஃபிப்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் அவர் தயாரித்த பி.பி.டி.-எஸ், உலகம் முழுவதற்கும் அளவுகோலானது. அதன் வாரிசாக அமெரிக்க அரசு வைத்திருப்பது பி.பி.டி.-எஸ்2.

அந்த எஸ்2வை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2012இல்தான் வெளியானது. குப்பியில் பெரும்பங்கு நான்கே நான்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்: குரோஇஎஸ், குரோஇஎல்2, ஹெச்எஸ்பிஎக்ஸ், டிஎன்ஏகே. மற்ற புரதங்கள் சிதையாமல், திரளாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. இவ்வளவு சூடாக்கியும் பி.பி.டி. நீரில் நன்றாகக் கரைவதற்கு இவையே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் அடுத்த சோதனை. மூன்று வெவ்வேறு பி.பி.டி.க்களை ஒப்பிட்டபோது, புரதங்களின் அளவு ஒன்றுக்கொன்று கணிசமாக மாறுபட்டது. அவற்றைக் காசநோய் தொற்றிய கினிப் பன்றிகளுக்குப் போட்டார்கள். வெளியே தடிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோதோ மூன்றும் மூன்று விதம். ஸ்கேல் காட்டாத வித்தியாசம் இது! ஈஎஸ்எக்ஸ் எனப்படும் வகைப் புரதங்கள் சிலவற்றில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் இருந்தது காரணமாகலாம்.

அந்த வகையைச் சேர்ந்தவைதான் ஈசாட்-6, சிஎஃப்பி-10. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிக் கிருமியில் இவை இரண்டும் இல்லை. பி.பி.டி.யிலோ பி.சி.ஜி.க்கும் மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக்காரக் கிருமிகளுக்கும் பொதுவான புரதங்கள் ஏராளம். அதனால் தடுப்பூசி போட்டதாலேயே சிலருக்குத் தடித்துவிடுகிறது. இந்தியாவில் 2022இல் அனுமதி பெற்ற சை-டிபி தோல் பரிசோதனையில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 ஆகிய இரண்டு புரதங்கள் மட்டுமே. பி.பி.டி.யில் தொற்று என்று கொள்ளும் தடிப்பின் வரம்பு ஆளைப் பொறுத்து 5, 10, 15 மி.மீ. என்று மாறும். சை-டிபியில் எல்லோருக்கும் 5 மி.மீ.தான்.