தோட்டாவுக்கு எதுக்கு கிரீஸ்? 1857 கொழுப்பு முதல் ‘மாலி’ பூச்சு வரை

1783 ஜூன். கடலூர் முதுநகருக்குள் பிரெஞ்சுப் படை, வெளியே முற்றுகையிட்ட பிரிட்டிஷ் படை. இரு தரப்பும் பெரும்பாலும் சுட்டது மஸ்கட் துப்பாக்கியால். அதன் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். ஈய உருண்டை குழலைவிடக் கொஞ்சம் சின்னது, போட்டால் தானாகவே இறங்கிவிடும். நூறு கஜம் தாண்டினால் குறி சந்தேகம்தான். ஆனால் மசகு பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

ரைஃபிள் வந்தபோது கதை மாறியது. அதன் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் இருக்கும். குண்டு அந்தப் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு பம்பரம் போலச் சுழன்று வெளியேறும். குறி தப்பாமல் போவதற்கு இந்தச் சுழற்சிதான் காரணம். கவ்வ வேண்டுமென்றால் உரசத்தானே வேண்டும்? உரசினால் ஈயம் குழலில் ஒட்டும், கருமருந்துக் கரி படியும், அடுத்த குண்டு இறங்க மறுக்கும். அதற்குத்தான் கிரீஸ்.

கொழுப்பு யாருடையது?

இந்தியச் சிப்பாய்களிடம் வந்த என்ஃபீல்டு ரைஃபிள் 1853 மாடல். குழல் விட்டம் 0.577 அங்குலம். தோட்டா என்பது ஒரு காகிதப் பொட்டலம். ஒரு முனையில் மருந்து, மறு முனையில் குண்டு. குண்டு இருக்கும் முனையைத்தான் கொழுப்பில் தோய்த்தார்கள். சிப்பாய் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியது மருந்து முனையை. காகிதத்தில் சரி. கொழுப்பு ஒரு முனையிலேயே அடங்கி நிற்கிற பொருளா என்ன?

மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம் 1857 ஜனவரியில் கல்கத்தா அருகே டம்டமில் கிளம்பியது. அதே மாதம், சிப்பாய்கள் தாங்களே மசகு தயாரித்துக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. மெழுகும் நெய்யும் அதே வேலையைச் செய்யும். முதலிலேயே இதை யோசித்திருக்கலாம்! நம்பிக்கை அதற்குள் போய்விட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்கள்தான். மே 10 அன்று கலகம் வெடித்தது. தோட்டா மட்டுமே காரணமில்லை, ஆனால் பற்றவைத்தது அதுதான். நம் வேலூரில் 1806-லேயே தலைப்பாகையில் வைத்த தோல் சின்னம் இதே மாதிரி ஒரு வேலையைச் செய்திருந்தது.

ஈரமில்லாத மசகு

இன்றைய ரைஃபிள் குண்டுக்குச் செம்பு உறை உண்டு. கொழுப்பு தேவையில்லை, ஆனால் செம்பு குழலில் படியும். வெளிநாடுகளில் லைசென்ஸோடு சொந்தமாகத் தோட்டா தயாரிக்கும் போட்டிச் சுடுவீரர்களிடையே 1990-களில் ஒரு மோகம் பரவியது: குண்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு பூச்சு. பைக் மெக்கானிக்கிடம் ‘மாலி கிரீஸ்’ என்றால் புரியும், அதே பொருள்தான், எண்ணெய் இல்லாமல். இதன் அணுக்கள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். பென்சில் கிராஃபைட்டும் இப்படித்தான். வெள்ளை நிற போரான் நைட்ரைடு இன்னொரு வகை.

லாபம்? குழலைச் சுத்தம் செய்வதற்குள் கூடுதல் ரவுண்டு சுடலாம் என்றார்கள். குறி மேம்படுமா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

சிக்கல் வேறு இடத்தில். உரசல் குறைந்தால் குழலுக்குள் அழுத்தமும் குறையும், வேகமும் குறையும். விட்ட வேகத்தைப் பிடிக்க மருந்தைக் கூட்டுவார்கள். அப்படிக் கூட்டிய அளவிலேயே பூச்சில்லாத குண்டை வைத்துவிட்டால்? அழுத்தம் எகிறும், துப்பாக்கியும் முகமும் ஆபத்தில். பூச்சு என்பது மேல்பூச்சு அல்ல, மொத்தக் கணக்கையே மாற்றும் சரக்கு.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. கிராஃபைட் வழுக்கக் காற்றில் ஈரம் வேண்டும். மாலிக்கோ ஈரம் ஆகாது. உலர்ந்த இடத்தில் அசத்தும், ஈரத்தில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து அமிலமாகி, அடியில் எஃகைத் துருவாக்கும். கடலூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் எது கெடும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே செய்யலாமா?

வீட்டில் முயற்சி பண்ணும் எண்ணமே வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959-ன் 5-வது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கவும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுப்பவர்கள் பெரும்பாலும் சுடுவது .22 தோட்டா. ஃபேக்டரியில் வருவது. பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். செம்பு உறையில்லாத ஈயக் குண்டு, மேலே மெழுகோ கிரீஸோ. பிராண்டை மாற்றினால் குழலில் புது மசகு படியும்வரை குறி கொஞ்சம் அலையும் என்பதால், முதல் சில குண்டுகளைப் பாயின்ட் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளுவது போட்டியாளர்களின் வழக்கம்.