அரைமண்டியும் முழங்காலும்

நடனக் கலைஞரின் உடலில் எந்த உறுப்பு முதலில் நோகும் என்பதை அவர் பயிலும் நடன வகையே பெரிதும் தீர்மானிக்கிறது. விரல் நுனியில் நிற்கும் பாலே கலைஞருக்குக் கணுக்காலின் பின்புறமும், பெருவிரலை மடக்கும் தசைநாணும், இரண்டாம் பாத எலும்பின் அடிப்பகுதியும் பாதிக்கப்படுகின்றன. கைகளை ஊன்றிச் சுழலும் பிரேக் நடனக் கலைஞருக்கு மணிக்கட்டும் தோளும் தளர்கின்றன. வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடும் பரதநாட்டியக் கலைஞருக்கோ முழங்காலும் கீழ்முதுகும் குதிகாலும் வலிக்கின்றன. இவற்றுள் பல, ஒரே அசைவு ஓயாமல் திரும்ப நிகழ்வதால் திசுக்கள் ஆற நேரமின்றி உண்டாகும் மிகைப்பயன்பாட்டுக் காயங்கள்.

பாலே, பரதநாட்டியம் ஆகிய இரண்டிலும் கால்கள் வெளிப்புறம் திரும்பியிருக்க வேண்டும். முழங்கால்களை இருபுறமும் விரித்து மடக்கி நிற்கும் அரைமண்டிக்கு வடிவு தருவதும் இத்திருப்பமே. இது பெரும்பாலும் இடுப்பு மூட்டில் பிறக்க வேண்டியது. தொடை எலும்பின் உருண்டையான தலையைத் தண்டோடு இணைக்கும் பகுதி கழுத்து எனப்படும். அது முன்புறம் திரும்பியிருக்கும் கோணம் பிறந்த குழந்தையிடம் ஏறத்தாழ 40 பாகையாக இருந்து, வளர்ந்தவரிடம் சராசரியாக 15 பாகை அளவுக்குக் குறைகிறது. கோணம் குறைந்தவருக்குத் தொடை எளிதில் வெளிப்புறம் திரும்பும். மிகுந்தவருக்கு, வளர்ச்சி முடிந்தபின், எத்தனை ஆண்டுப் பயிற்சியும் அந்த எலும்பின் அமைப்பை மாற்றாது.

அத்தகைய மாணவியை 'இன்னும் விரித்து உட்கார்' என்று வற்புறுத்தினால், இடுப்பு தர இயலாத திருப்பத்தை அவள் கீழிருந்து கடன் வாங்குகிறாள். வெறும் பாதம் தரையைப் பற்றி வழுக்காமல் நிற்பதால், பாதம் வெளிப்புறமும் தொடை உட்புறமும் நோக்க, இடையிலுள்ள முழங்கால் முறுக்கப்படுகிறது. கதவுக் கீலைப் போல் மடங்கி நீள்வதற்கே பெரிதும் அமைந்த அம்மூட்டின் உட்புறத் தசைநார் இழுபடுகிறது, முழங்கால் சில்லு தன் தடத்தைவிட்டு வெளிப்புறம் விலக முனைகிறது, குறையை ஈடுசெய்ய இடுப்பெலும்பு முன்சாய்ந்து கீழ்முதுகும் வளைகிறது. முழங்கால் இரண்டாம் கால்விரலுக்கு நேர்மேலே நிற்கிறதா என்று பார்த்தாலே ஆசிரியர் இதைக் கண்டுகொள்ளலாம். அரங்கேற்ற நாளைக் குறித்துவிட்டு அவசரப்படும் வகுப்புகளில் அந்தப் பார்வைக்கும் நேரம் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

தரையைப் பற்றிய அலட்சியம் இன்னும் கொடியது. அடியில் காற்றிடைவெளி விட்டு அமைத்த மரத்தளம் தட்டின் அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். சிமெண்டும் பளிங்கும் அதைக் குதிகாலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் திருப்பி அனுப்ப, நாளடைவில் எலும்பில் மயிரிழை போன்ற அழுத்த முறிவு தோன்றக்கூடும். ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதற்காக உணவைக் குறைத்து, அதனால் மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு, எலும்பின் அடர்த்தியும் குறைந்துவிடுவதால், அதே தரையில் இவ்வாபத்து மேலும் கூடுகிறது.