பழைய மோட்டார் வண்டியும் புதிய பெற்றோற் பம்பியும்

ஒரு பொறி தோன்றிய காலத்திலே அதனோடு தொடர்புடைய ஏனைய பொறிகளும் அதற்கு இசையவே அமைகின்றன. காலஞ் செல்ல, அவற்றுள் ஒன்று மாற, மற்றொன்று மாறாது நிற்குமாயின், அவ்விரண்டுஞ் சந்திக்கும் இடத்தில் இடர்ப்பாடு தோன்றுதல் இயல்பே. பழைய மோட்டார் வண்டி இன்றைய பெற்றோற் பம்பியின் அருகே வந்து நிற்கும்போது நேர்வது இதுவே. பம்பி விரைந்து பெய்கின்றது. தாங்கி அவ்விரைவுக்கு ஈடுகொடாது கக்கிவிடுகின்றது. வண்டியின் பக்கம் நனைகின்றது. நிலத்திலும் பெற்றோல் சிந்துகின்றது. இது சிறு நட்டமெனப் பலர் கருதுவர். இதன் காரணத்தையும் விளைவையும் ஆராய்வோர் அவ்வாறு கருதார்.

பழைய வண்டிகள் நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1977 ஆம் ஆண்டுவரை புதிய வண்டிகளின் வரவை அருமையாக்கின. அதனால் அதற்கு முன்னர் வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலியவற்றைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டும் திறன் நம் கராஜ்களில் வளர்ந்தது. 1990களிலே, பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் இயக்கித் தொடங்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓடியவையும் இத்தகைய வண்டிகளே. 2020 மார்ச்சு மாதம் வண்டி இறக்குமதி மீண்டும் இடைநிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்திலேயே தனியார் வண்டிகளுக்கு வழிவிடப்பட்டது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டியின் மதிப்பு மேலும் உயர்ந்தது. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், செங்கலடி ஊடாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு பழைய வண்டி எதிர்ப்படுமாயின் அது வெறுங் காட்சிப்பொருளன்று. ஒரு குடும்பம் பேணிக்காத்த செல்வம் எனலாம்.

இனி, பம்பியின் இயல்பை நோக்குவோம். முற்காலப் பம்பிகளிற் பெற்றோல் நிரப்புவோன் தாங்கியின் வாயைக் கண்ணாற் பார்த்தும், உள்ளே எழும் ஓசையைக் காதாற் கேட்டும் தானே நிறுத்தினான். இன்றைய பம்பியிலோ, கையிற் பிடித்து அழுத்தும் பம்பிக்குழல் தானாகவே நின்றுவிடுகின்றது. இதிலே மின்சார நுட்பம் யாதுமில்லை. ஒடுங்கிய வழியில் விரைந்தோடும் திரவத்தின் அமுக்கம் குறையும் என்பது உயர்தர வகுப்பு மாணவர் யாவரும் அறிந்த பேணூயியின் தத்துவம். அவர் அதனை 1738 இல் வெளியிட்டார். இத்தாலியரான வெந்தூரி 1797 இல் ஒடுங்கிய குழாய்களிலே அதன் விளைவை விளக்கினார். பம்பிக்குழலினுள்ளும் அத்தகைய ஒடுக்கம் ஒன்றுண்டு. அங்கே அமுக்கங் குறைவதால், ஒரு சிறு குழாயின் வழியே வெளிக்காற்று உறிஞ்சப்படுகின்றது. அச்சிறு குழாயின் மறுமுனை, பம்பிக்குழலின் நுனியருகே ஒரு சிறு துளையாகத் திறந்திருக்கும். பெற்றோல் மட்டம் உயர்ந்து அத்துளையை மூடியவுடன் காற்று வருவது நின்றுவிடும். உள்ளே அமுக்கம் மேலும் வீழும். அதனால் ஓர் இறப்பர் மென்றகடு இழுபட்டுக் கொளுவியை விடுவிக்கும். 'டக்' என்னும் ஓசையோடு வழி அடைபடும்.

இங்கே உய்த்துணர வேண்டியது ஒன்றுண்டு. தாங்கி நிறைந்தது என்பதைப் பம்பி அறியாது. துளை நனைந்தது என்பதையே அறியும். இவ்விரண்டும் ஒன்றாகும்படி புதிய வண்டியின் தாங்கி அமைக்கப்பட்டிருக்கின்றது. அதன் கழுத்து பம்பிக்குழலை உரிய ஆழத்தில் ஏந்திக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்று வெளியேறத் தனிக்குழாயும் உண்டு. பழைய வண்டியில் இவ்விரண்டும் ஒன்றாகும் என்பதற்கு உறுதியில்லை.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இவ்வண்டி 1948 இல் வெளிவந்தது. பின்னாளைய மொறிஸ் மைனரின் தாங்கி 6½ கலன், அஃதாவது ஏறத்தாழ 30 இலீற்றர் கொள்ளும். அது வண்டியின் பின்புறத்திற் பொருட்பெட்டியின் தளத்துக்குக் கீழே கிடக்கின்றது. நிமிடத்துக்கு 40 இலீற்றர் பெய்யும் பம்பி இத்தாங்கியை 45 விநாடியில் நிரப்பிவிடும். ஒவ்வொரு விநாடியும் மூன்றில் இரண்டு இலீற்றர் பெற்றோல் உட்புக, அதே அளவு காற்று வெளியேற வேண்டும். காற்றுப்போக்கி சிறிதாயினும், ஆண்டுகள் பலவற்றின் துருவும் தூசியும் படிந்து அடைபட்டிருப்பினும், காற்று வேறு வழியின்றிக் கழுத்தின் வழியே பெற்றோலை எதிர்த்து ஏறும். ஒடுங்கிய வாயுள்ள போத்தலை நீரில் அமிழ்த்தும்போது 'குபுக் குபுக்' என்று காற்று வெளிவருவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். பம்பி நிற்குமுன்னரே ஒரு வாய் பெற்றோல் வெளியே எறியப்பட்டுவிடும்.

இதற்கு மாறான தொல்லையும் உண்டு. கழுத்துச் சடுதியாக வளைந்திருப்பின், பெற்றோல் அதன் சுவரில் மோதித் தெறித்துத் துளையை நனைக்கும். தாங்கி பாதியும் நிறையாதிருக்கப் பம்பி நின்றுவிடும். நிரப்புவோன் சலிப்புற்று மீண்டும் மீண்டும் அழுத்துவான். இறுதியில் உண்மையாகவே நிறைந்தபோது வரும் 'டக்' ஒலியையும் பொய்யெனக் கருதி ஒருமுறை அழுத்திவிடுவான். சிந்துதல் பெரும்பாலும் அந்த ஓர் அழுத்தத்தினாலேயே நிகழ்கின்றது.

ஆயின், மெதுவாகப் பெய்தல் போதுமன்றோ எனச் சிலர் வினவலாம். மெதுவாகப் பெய்வதே முறை. எனினும் அதிலும் ஒரு நுட்பம் மறைந்திருக்கின்றது. ஓட்டம் மிகக் குறையின் ஒடுக்கத்தில் அமுக்கவீழ்ச்சியும் குறையும். அப்போது துளை நனைந்தாலும் கொளுவி விடுபடாதிருக்கலாம். எந்த வேகம் பழைய தாங்கிக்கு ஏற்றதோ அந்த வேகத்திலேயே பம்பியின் காவல் தளர்ந்துவிடுகின்றது. ஆதலின், பழைய வண்டிக்குப் பெற்றோல் நிரப்பும்போது பழங்கால மனிதனின் கண்ணுங் காதும் மீண்டும் வேலைக்கு வந்தாக வேண்டும்.

நம் நாட்டு எரிபொருள் நிரப்பு நிலையங்களில் பெற்றோல் பெய்பவர் அங்குள்ள பணியாளரே. நாள்தோறும் நூற்றுக்கணக்கான வண்டிகளைக் காணும் அவர் இவ்வொரு வண்டியின் குணத்தை அறிதல் அரிது. அதனை அவருக்குப் பணிவாக எடுத்துரைப்பது வண்டிக்காரரின் கடமையாகும். 'நிறைய அடியுங்கள்' எனக் கூறுவதை விட்டு, அளவைக் கூறுதல் வேண்டும். பழைய மானிகள் நம்பத்தக்கவை அல்ல. எனவே தாங்கியின் அமைப்பு இடங்கொடுப்பின், தூய மரக்கோலொன்றில் அளவு குறித்துத் தாங்கியின் உள்ளே விட்டுப் பார்க்கலாம். 30 இலீற்றர்த் தாங்கியில் 7 இலீற்றர் எஞ்சியிருப்பின் 20 இலீற்றர் கேட்பதே தகும்.

எஞ்சின் நிறுத்தப்பட்டிருத்தல் வேண்டும். அண்மையில் நெருப்பு ஆகாது. கழுத்தைச் சூழ ஒரு பருத்தித்துணியை இடுதல் நன்று. பம்பிக்குழலின் உலோகம் கழுத்தின் உலோகத்தைத் தொட்டபடி இருத்தல் நிலைமின் பொறியைத் தவிர்க்கும். பிடியைக் கொளுவியில் மாட்டிவிடாது கையாலேயே பிடித்து, மூன்றிலொரு பங்கு வேகத்திற் பெய்தல் வேண்டும். பம்பி அடிக்கடி நின்றால், குழலைச் சற்றே வெளியே இழுத்தோ பக்கமாகத் திருப்பியோ பார்க்கலாம். பெற்றோல் சுவரில் மோதும் கோணம் மாறும். மட்டம் உயர உயரத் தாங்கியின் ஓசை கூர்மையாகும். அதனைக் கேட்டவுடன் கையைத் தளர்த்துதல் வேண்டும். ஓட்டம் நின்றபின் சில விநாடி பொறுத்து, குழலின் நுனியை மேல்நோக்கித் திருப்பி எடுத்தால் எஞ்சிய துளிகளும் நிலத்தில் விழா.

நிறைந்த தாங்கியிலும் சிறிது வெற்றிடம் விடப்படவேண்டும். பெற்றோல் ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகின்றது. நிலத்தின் கீழுள்ள தாங்கியிலிருந்து வந்த 30 இலீற்றர் பெற்றோல், கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலில் 15 பாகை சூடேறினால் அரை இலீற்றருக்குச் சற்றுக் குறைய விரியும். விளிம்புவரை நிரப்பிய தாங்கியில் அதற்கு இடமேது? பம்பியருகே சிந்தாத பெற்றோல், நிறுத்திவைத்த இடத்திலே மூடியின் துளைவழியாகச் சிந்தும். துளையில்லா மூடியை இட்டு இதனைத் தடுக்க முயல்வோரும் உளர். வேறு காற்றுப்போக்கி இல்லாத வண்டியில் அது தாங்கியினுள்ளே அமுக்கக் குறைவை உண்டாக்கி, நடுவழியில் எஞ்சினை நிறுத்திவிடும். கழுத்தையுந் தாங்கியையும் இணைக்கும் இறப்பர்க் குழாய் வெடித்திருப்பின், பெற்றோல் கண்ணுக்குத் தெரியாது பொருட்பெட்டிக்குள்ளே ஒழுகும். அதனை ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்.

இத்துணை கவனம் எதற்கு? பெற்றோல் உறைகுளிரிலும் தீப்பற்றும் ஆவியை விடுவது. அவ்வாவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆதலால் மேலே கலைந்துபோகாது நிலத்தோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள நெருப்பைத் தேடிச் செல்லும். பெற்றோல் சிந்திவிட்டால் எஞ்சினை இயக்காது வண்டியைக் கையாற் தள்ளி அப்பால் நிறுத்துவதும், சிந்திய இடத்தில் மணலைத் தூவுவதுமே முறை. நீரூற்றிக் கானுக்குள் கழுவிவிடுதல் தவறு. வாவிக்கரையினருக்கு இதிலே மேலுமோர் அக்கறை உண்டு. நம் கரையோர நிலம் மணற்பாங்கானது; கிணற்றுநீர் ஆழமற்றது. சிந்திய பெற்றோல் மணலினூடே எளிதில் இறங்கி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். அதிலுள்ள பென்சீன் புற்றுநோய்க்கு ஏதுவானது. பலர் குடிக்கும் கிணற்றுக்கு அது செல்லாதிருத்தல் ஒருவருடைய கைப்பிடியின் நிதானத்திலே தங்கியிருக்கின்றது.

2022 ஆம் ஆண்டு நாடு எரிபொருளின்றித் தவித்தபோது, மக்கள் இரவு பகலாக வரிசையிற் காத்திருந்து அளந்து தரப்பட்ட சில இலீற்றரைப் பெற்றனர். அன்று ஒரு துளியின் அருமையை அறியாதார் இலர். அவ்வருமை வரிசை நீங்கியவுடன் நீங்குவதன்று. பாட்டன் ஓட்டிய வண்டியைப் பேரன் ஓட்ட விரும்பின், அதன் நிறத்தையும் மினுக்கத்தையும் பேணுவதோடு அதன் தாங்கியின் இயல்பையும் கற்றறிதல் வேண்டும். பம்பி துளை நனைந்ததை மட்டுமே அறிவதாகலின், தாங்கி நிறைந்ததை அறியும் பொறுப்பு மனிதனுடையதே.