ஏரி மீன்பிடிப்புக்கு அலுமினியப் படகு: தட்டை அடியா, கூர் அடியா?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஏரிகளில் மீன் வேலை சூடுபிடிக்கும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் குத்தகைதாரர்களும் சுய உதவிக் குழுவினரும் மூங்கில் பரிசலுக்குப் பதிலாகச் சிறிய அலுமினியப் படகு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பட்டறையில் விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு வகைகளைக் காட்டுவார்கள். ஒன்று, 12 அடி நீளமுள்ள தட்டை அடிப் படகு. மற்றொன்று, 14 அடி நீளத்தில், அடிப்பகுதி 'வி' வடிவில் இறங்கும் கூர் அடிப் படகு. பார்வைக்குக் கூர் அடிப் படகுதான் எடுப்பாக இருக்கும். ஆனால் நம் ஏரிக்கு எது பொருந்தும் என்பதைத் தண்ணீரின் ஆழமும் நாம் செய்யும் வேலையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஏரியை அளந்து பாருங்கள்

நம் மாவட்ட ஏரிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. தென்னேரி, உத்திரமேரூர் ஏரிகளும் பரப்பில் பெரியவை. ஆனால் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ள சிறிய ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, மாசி, பங்குனிக்குள் முழங்கால், இடுப்பளவுக்கு வந்துவிடும். மீன் அறுவடையும் பெரும்பாலும் தண்ணீர் வற்றும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. எனவே படகு வாங்குமுன் உங்கள் ஏரியில் மார்பளவுக்கு மேல் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கும் குறைவு என்றால் அலுமினியப் படகே தேவையில்லை. தீவனம் போடவும் வலை கட்டவும் பரிசல் போதும். ஓரிரு ஏக்கர் பண்ணைக் குட்டைக்குக் கரையில் நின்றே வலை இழுக்கலாம்.

எவ்வளவு அமிழும்?

12 அடிப் படகின் தட்டையான அடிப்பரப்பு சுமார் 3.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 35 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதாவது 35 கிலோ தாங்கும். படகு 70 கிலோ, இரண்டு ஆட்கள் 130 கிலோ, வலையும் சாமான்களும் 50 கிலோ, மீன் 100 கிலோ எனக் கூட்டினால் 350 கிலோ. இந்தச் சுமைக்குத் தட்டை அடிப் படகு 10 செ.மீ., அதாவது நான்கு அங்குலம் அமிழும். அதே நீள அகலமும் அதே சுமையும் உள்ள கூர் அடிப் படகு, 'வி' எவ்வளவு சரிவு என்பதைப் பொறுத்து ஆறு முதல் ஏழு அங்குலம் அமிழும்.

மூன்று அங்குல வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நம் ஏரிகளின் உட்பரப்பில் கருவேல மரங்களும் வெட்டிய அடிக்கட்டைகளும் நிறைய உள்ளன. வண்டல் படிந்த மேட்டுப்பகுதியும் உண்டு. தண்ணீர் இறங்கும் காலத்தில் கூர் அடிப் படகு முதலில் தரை தட்டும். அதன் நடுத்தண்டுதான் கட்டையில் மோதும்.

ஆட்டமும் அலையும்

வலை இழுக்கும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். அப்போது தட்டை அடிப் படகு அதிகம் சாயாது. கூர் அடிப் படகு சட்டென்று ஒரு பக்கம் சரியும், பழகாதவர்களுக்குப் பயமாக இருக்கும். வலைவேலைக்குத் தட்டை அடியே நல்லது.

பெரிய ஏரியில் நிலைமை வேறு. பிற்பகலில் கிழக்குக் காற்று பரந்த நீர்ப்பரப்பில் அலை எழுப்பும்போது தட்டை அடி 'தொப் தொப்' என்று அறையும், காற்றில் பக்கவாட்டில் நகர்ந்து போகும். கூர் அடி அலையைக் கிழித்து நேராகச் செல்லும். இன்ஜின் பொருத்தி நீண்ட தூரம் போவதாக இருந்தால் அதுவே சௌகரியம். இடைப்பட்ட தேவை உள்ளவர்கள், முன்பகுதி மட்டும் சற்றுக் கூராக மேலெழும்பி, நடுவும் பின்னும் தட்டையாக உள்ள படகைக் கேட்டு வாங்கலாம்.

எடையும் எடுத்துச் செல்வதும்

அலுமினியத்தின் சிறப்பே எடைதான். 2 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 5.4 கிலோ, 3 மி.மீ. தகடு 8.1 கிலோ. அதே 2 மி.மீ. இரும்புத் தகடு 15 கிலோவைத் தாண்டும். இரண்டு மூன்று ஏரிகளைக் குத்தகை எடுத்தவர்கள் 12 அடிப் படகை நான்கு பேர் தூக்கி டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிவிடலாம். 14 அடிப் படகு நீளத்தாலும் எடையாலும் சிரமம் தரும். குட்டியானை வண்டியில் ஏற்றினால் பாதிப் படகு வெளியே நீண்டு நிற்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

* தகடு: பாத்திரத்துக்கும் கூரைக்கும் பயன்படும் தகடு வேண்டாம். மக்னீசியம் கலந்த 5052 அல்லது 5083 ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டைகள் உள்ள ஏரிக்கு அடித்தகடு 2.5 முதல் 3 மி.மீ., பக்கத்தகடு 2 மி.மீ. இருக்கட்டும்.

* இணைப்பு: ரிவெட் அடித்த படகு விலை குறையும், ஆனால் நாளாக நாளாக ரிவெட் தளர்ந்து கசியும். ஆர்கான் வெல்டிங் செய்தது நீடிக்கும். ஊரில் இரும்புக் கேட் செய்யும் வெல்டிங் கடையில் அலுமினியத்தைப் பழுது பார்க்க முடியாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஆர்கான் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

* மிதவை: தண்ணீர் புகுந்தால் அலுமினியப் படகு கல்லைப் போல மூழ்கும். மரப்படகு அப்படியல்ல. 70 கிலோ படகையும், அதைப் பற்றிக்கொண்டு நீரில் இருக்கும் இரண்டு பேரையும் தாங்க, இருக்கைகளுக்கு அடியில் குறைந்தது 80 முதல் 100 லிட்டர் அளவுக்கு நீர் உறிஞ்சாத நுரை அடைத்திருக்க வேண்டும். இன்ஜின் வைத்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். சாதாரண தெர்மாகோல் உதிரும், பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

* போல்ட், நட்டு: பித்தளை, செம்பு கூடவே கூடாது. அவை அலுமினியத்தோடு சேர்ந்து நனைந்தால் அலுமினியம் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை நைலான் வாஷருடன் போடச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனைகள்

ஒன்று, படகைக் கட்டைகள் மேல் வைத்து உள்ளே ஒரு சாண் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அடியில் சொட்டினால் வேண்டாம். இரண்டு, மணல் மூட்டைகளை ஏற்றி முழுச் சுமையில் மிதக்க விடுங்கள். விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது ஒரு சாண் நிற்க வேண்டும். இரண்டு பேர் ஒரே பக்கம் உட்கார்ந்தும் பாருங்கள். மூன்று, இடுப்பளவு நீரில் படகை முழுவதும் நீரால் நிரப்புங்கள். விளிம்பாவது மேலே தெரிந்தால்தான் மிதவை சரி. இந்த மூன்றாவது சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பராமரிப்பு

சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். குளத்துக்குச் சுண்ணாம்பு தூவப் படகைப் பயன்படுத்தினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். யூரியா, டி.ஏ.பி. மூட்டைகளைப் படகில் நனையவிட்டு வைக்கக் கூடாது. ஈரமான சிமெண்ட் தரையிலும் படகை வைக்காமல், பழைய டயர்கள் மேல் கவிழ்த்து நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் தகடு சுடும், அதில் நேரடியாகக் கொட்டிய மீன் சீக்கிரம் கெடும். ஐஸ் போட்ட பெட்டியில் சேகரித்து ஈரச் சாக்கால் மூடுங்கள். பழைய அலுமினியத்துக்கு எடைக்கு விலை உண்டு என்பதால் திருட்டும் உண்டு. சங்கிலியிட்டுப் பூட்டுவது அவசியம்.

உயிருக்குப் பாதுகாப்பு

நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்புக் கவசம் அணிந்தே படகேற வேண்டும். வலையில் கால் சிக்கினால் நீச்சல் உதவாது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாட்களில் கலங்கல், மதகு அருகே படகைக் கொண்டு போகாதீர்கள், இழுவை படகை உள்ளே கொண்டுபோய்விடும். இடி மின்னல் தொடங்கியதும் கரை சேருங்கள். தாழ்வான மின்கம்பி செல்லும் இடத்தில் கழியை உயர்த்தாதீர்கள். மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பது குற்றம். உலோகப் படகில் நின்று அதைச் செய்பவர் தன் உயிரையே பணயம் வைக்கிறார்.

எதை வாங்கலாம்?

சிறிய, நடுத்தர ஏரி, வலைவேலை, துடுப்பு அல்லது மூங்கில் கழி, ஏரிக்கு ஏரி மாற்ற வேண்டிய தேவை: இவையெல்லாம் இருந்தால் 12 அடி தட்டை அடிப் படகு. பெரும்பாலான காஞ்சிபுரம் குத்தகைதாரர்களுக்கு இதுவே போதும். ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் பத்தடிக்கும் குறையாமல் தண்ணீர் நிற்கும் பரந்த ஏரி, இன்ஜின் வைக்க அனுமதி, அதிகத் தூரம் போகும் வேலை என்றால் மட்டும் 14 அடி கூர் அடி. குடிநீருக்குப் பயன்படும் ஏரியில் இன்ஜின் வைக்குமுன் நீர்வளத் துறையிடம் கேட்காமல் செலவு செய்யாதீர்கள்.

குத்தகை எத்தனை ஆண்டு என்பதையும் பாருங்கள். ஓராண்டுக் குத்தகையை நம்பித் தனியாக வாங்குவதை விட, நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துவது கடன் சுமையைக் குறைக்கும். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என்பது விதி. எந்தப் படகுக்கு, யாருக்கு இப்போது மானியம் கிடைக்கும் என்பதை மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மானியம் எதிர்பார்ப்பவர்கள் ஒப்புதல் வந்த பிறகே பட்டறைக்கு முன்பணம் கொடுப்பது நல்லது.