காவலுக்குக் காப்பகத்து நாய்

ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி, திருமழிசைப் பகுதிகளில் வயல்களுக்கு நடுவே வீட்டு மனைகள் வந்துவிட்டன. இரவு வேளையில் வருவது யார், போவது யார் என்று தெரிவதில்லை. இரண்டு கறவை மாடும் நாலு ஆடும் வைத்துக்கொண்டு கீரை பயிரிடும் விவசாயிக்குப் பம்பு செட் கொட்டகையில் ஒரு நாய் இருந்தால் பாதிக் கவலை தீரும். இதற்காகப் பலர் பணம் கொடுத்துக் குட்டி வாங்குகின்றனர். சிலர் தெருவில் திரியும் குட்டியைத் தூக்கி வருகின்றனர். காப்பகத்தில் வளர்ந்த நாய்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை எடுத்து வளர்க்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

சென்னையில் 1959-ல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் சங்கம், அடிபட்ட நாய்களையும் கைவிடப்பட்ட நாய்களையும் வேளச்சேரி சாலையில் உள்ள தன் காப்பகத்தில் வைத்துப் பராமரித்து, விரும்பி வருவோருக்கு வளர்க்கக் கொடுத்து வருகிறது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையை 1964-லேயே தொடங்கிய சங்கம் இது. தெருநாயையே எடுத்து வளர்க்க விரும்புவோர் உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-ல் கூறியுள்ளது. அப்படி எடுத்த நாயை மீண்டும் தெருவில் விடக் கூடாது.

குட்டியாக எடுத்தால்தான் வீட்டோடு ஒட்டும் என்ற எண்ணம் கிராமங்களில் இருந்து வருகிறது. இது முழுக்கச் சரியல்ல. எட்டு வாரக் குட்டி பின்னால் என்ன குணமாக வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது காவலுக்குப் பயன்பட ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதுவரை செருப்பு, ரப்பர் குழாய், கோழிக்குஞ்சு எதையும் விட்டுவைக்காது. பார்வோ எனும் ரத்தக் கழிச்சல் நோயும் குட்டிகளையே அதிகம் கொல்கிறது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். இந்நோயால் குட்டி செத்த வீட்டில், தடுப்பூசி முழுவதும் போட்டு முடியாத குட்டியைக் கொண்டுவந்து விடுவது வீண். இரண்டு, மூன்று வயது நாயிடம் இந்தத் தொல்லைகள் குறைவு. அதன் குணம் கண்ணெதிரே தெரியும்.

இனத்தைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஆசைக்கு வாங்கிப் பின் கைவிடப்பட்ட சீமை நாய்களும் காப்பகங்களுக்கு வருகின்றன. அடர்ந்த மயிருள்ள நாய் சித்திரை வெயிலில் கொட்டகையில் கிடந்து தவிக்கும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்றவை நம் நாட்டு இனங்களானாலும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ஓடுவதைக் கண்டால் துரத்தும். கோழி வைத்திருப்பவர்கள் யோசித்து எடுக்க வேண்டும். சாதாரண நாட்டு நாயே வெயில் தாங்கும், கிடைத்த சோற்றில் உடல் தேறும்.

காப்பகத்துக்கு ஒரே முறை போய் நாயோடு திரும்பக் கூடாது. இரண்டு முறையாவது, வெவ்வேறு வேளையில் போய்ப் பார்ப்பது நலம். கூண்டருகே போனதும் கை நீட்டாமல், பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் தானே வந்து முகர்ந்து பார்க்கும் நாய் நல்ல நாய். மூலையில் ஒடுங்கி, வாலை இடுக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய முறைக்கும் நாய் பயந்த நாய். பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்நியரைக் கண்டு குரைத்து, வளர்ப்பவர் அதட்டியதும் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காவலுக்கு அதுவே போதும். சோறு தின்னும்போது கிட்டே போனால் உறுமுமா, பிள்ளைகளிடம் எப்படி இருக்கும் என்பவற்றைத் தினமும் சோறு வைக்கும் ஆளிடம் கேட்டால் உண்மை தெரியும்.

முக்கியமானது ஆடு. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 2024, 2025-ல் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றன. காவலுக்கு வந்த நாயே அப்படிச் செய்தால் என்ன செய்வது? ஆகவே முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குத் தற்காலிகமாக வைத்துப் பார்க்கக் காப்பகத்தாரிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த நாட்களில் நாயை ஆட்டின் பக்கம் அவிழ்த்துவிடக் கூடாது. கயிற்றில் பிடித்து, ஆடு மேயும் இடத்துக்குத் தூரத்திலிருந்து நடத்திச் செல்ல வேண்டும். ஒரு முறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினால் கவலையில்லை. உடலை விறைத்துப் பார்வையை எடுக்காமல் நின்றால், கயிற்றை இழுத்துப் பாய்ந்தால், அந்த நாய் ஆட்டுக்காரருக்கு உதவாது. காப்பகத்திலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஏரிக்கரையிலோ பைபாஸ் ஓரத்திலோ பட்டினி கிடக்க இறக்கிவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த நாய் பசித்து அடுத்த ஊர்ப் பட்டிக்குத்தான் போகும்.

வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேட்டு வாங்கி, அதன்பின் கால்நடை மருத்துவர் சொல்லும் தேதியில் வருஷந்தோறும் போட வேண்டும். காது மடலில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை செய்யப்பட்ட நாய் என்று அடையாளம். கருத்தடையால் காவல் குறையாது, அலைவது குறையும். யாரையாவது நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டக் கூடாது.

மாடு வைத்திருப்போர் பலர் கவனிக்காத விஷயம் குடற்புழு. ஆட்டு ஈரல், நுரையீரலைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளரக்கூடும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லிலும் கீரையிலும் படிந்து, மாட்டுக்கும் மனிதருக்கும் ஈரலில் நீர்க்கட்டி உண்டாக்கும். தீவனத்தில் நாய் மலம் கலந்தால் பசுவுக்குக் கருச்சிதைவு ஏற்படுத்தும் நியோஸ்போரா என்ற கிருமியும் பரவலாம். எனவே வைக்கோல் போரிலும் தீவனத் தொட்டியிலும் நாயை ஏறவிடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுத்து வர வேண்டும். ஈரலைக் கொடுப்பதானால் நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும். வயலில் எலிக்கு விஷ உணவு வைக்கும் நாட்களில் நாயைக் கட்டிப் போடுவது அவசியம்.

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்கே நாய் வளர்க்க மாநகராட்சியின் உரிமம் பெற வேண்டும். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. இங்குள்ளவர்கள் தத்தம் அலுவலகத்தில் விதிகளைக் கேட்டுக்கொள்ளலாம். போகும்போது தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.